உளச்சிகிச்சையும் அனுமதிப்பத்திரமும்: வியன்னா வழக்கொன்றை முன்வைத்துச் சில சிந்தனைகள்

ஒரு தொழிலைச் செய்வதற்கு யாருக்குத் தகுதி உண்டு என்னும் வினா, மேலோட்டமாக நோக்குமிடத்து அறிவு பற்றிய வினாவாகவே தோன்றும். பயின்றவர் செய்யலாம், பயிலாதவர் செய்யலாகாது என்பதே பொதுவான எண்ணம். ஆயின், எது பயிற்சியாகக் கொள்ளப்படும், அதனைத் தீர்மானிப்பவர் யார், அதற்கான செலவை ஏற்பவர் யார் என்று கேட்கத் தொடங்கியதும் அது சமூகவியல் வினாவாகிவிடுகின்றது. பேச்சையும் செவிமடுத்தலையுமே கருவிகளாகக் கொண்ட உளச்சிகிச்சைத் தொழிலின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அத்தொழிலுக்கான அனுமதிப்பத்திரம் உருவான வகையை, 1920களில் வியன்னாவில் எழுந்த வழக்கொன்றிலிருந்து தொடங்கி நோக்குவோம்.

முதலாம் உலகப் போரின் முடிவில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு சிதைந்தது. 1919 முதல் வியன்னா மாநகர ஆட்சி சமூக சனநாயகவாதிகளின் கையில் இருந்தது. தொழிலாளர் குடியிருப்புகளும் நலநிலையங்களும் எழுந்த காலம் அது. செல்வர் மட்டுமன்றி ஏழைகளும் உளச்சிகிச்சை பெறுதல் வேண்டும் என 1918 இல் புடாபெஸ்ட் மாநாட்டில் சிக்மண்ட் பிராய்ட் கூறியிருந்தார். அதன் வழியில் 1920 இல் பேர்லினிலும் 1922 இல் வியன்னாவிலும் வசதியற்றோருக்கும் இடமளித்த உளப்பகுப்பாய்வு நிலையங்கள் தோன்றின. தேவை பெருகியபோது, அதனை நிறைவு செய்ய வைத்தியர் மட்டுமே போதுமா என்ற கேள்வியும் உடனெழுந்தது.

இப்பின்னணியிலேயே தியோடோர் றைக் என்பாரின் வழக்கு நிகழ்ந்தது. 1888 இல் வியன்னாவிற் பிறந்த றைக் வைத்தியர் அல்லர். பிரெஞ்சு நாவலாசிரியர் புளோபேரின் படைப்பொன்றை ஆராய்ந்து 1912 இல் கலாநிதிப் பட்டம் பெற்றவர். இலக்கிய ஆய்வாளர் ஒருவரே இவ்வழக்கின் நாயகராக அமைந்தமை, இலக்கியம் பயிலும் நமக்கு ஊன்றி நோக்கத்தக்கது. வைத்தியரல்லாதார் நோயாளருக்குச் சிகிச்சை செய்வது ஆஸ்திரியச் சட்டத்தின்படி குற்றம். மாநகர நிருவாகம் 1925 இல் றைக்கின் தொழிலைத் தடைசெய்தது. அவரிடம் சிகிச்சை பெற்ற அமெரிக்கர் ஒருவர் முறையிட்டதன் பேரில் 1926 இல் சட்ட நடவடிக்கை தொடங்கி, 1927 இல் கைவிடப்பட்டது. இங்கு ஒரு முரண்பாடு புலனாகின்றது. மாநகரச் சுகாதாரப் பொறுப்பை வகித்த யூலியஸ் தான்ட்லர் சமூக சனநாயகவாதி; அதேவேளை வைத்தியப் பேராசிரியர். உழைக்கும் மக்களின் பெயரால் ஆண்ட நிருவாகமே வைத்தியத் தொழிற்குழுவின் ஏகபோகத்தைக் காக்கும் காவலனாகவும் நின்றது.

றைக்கிற்கு ஆதரவாக 1926 இல் பிராய்ட் தனிநூலே எழுதினார். பட்டம் இல்லாதவர் போலி வைத்தியர் அல்லர்; வேண்டிய அறிவின்றிச் சிகிச்சை செய்பவரே போலி வைத்தியர் என்பது அவர் வாதம். உளச்சிகிச்சையாளர் கற்க வேண்டியவற்றுள் நாகரிக வரலாறு, தொன்மவியல், சமய உளவியல், இலக்கியம் ஆகியவற்றையும் அவர் சேர்த்தார். இவ்வாதம் வன்மையானதே. எனினும், பயிற்சியின் செலவை யார் ஏற்பது என்ற இடத்தில் அவர் தடுமாறினார். சமூகப் பணியாளரைப் பயிற்றுவிக்க அமெரிக்கர் எவரேனும் பணம் ஈயக்கூடும் என்ற எதிர்பார்ப்பை அந்நூலின் இறுதியில் வெளியிட்டார். சமூக உரிமையாதற்குரியது செல்வர் ஒருவரின் கொடையாகச் சுருங்கியது.

அந்த அமெரிக்காவில் நிகழ்ந்ததோ வேறு. அமெரிக்க உளப்பகுப்பாய்வுச் சங்கம் 1938 இல் வைத்தியரல்லாதாரின் பயிற்சிக்குக் கதவடைத்தது. அதே ஆண்டில் நாசிகளிடமிருந்து தப்பி நியூயோர்க்கை அடைந்த றைக்கிற்கு அங்குள்ள சங்கத்தில் முழு உறுப்புரிமை கிட்டவில்லை. 1948 இல் அவர் வைத்தியரல்லாதாருக்கும் இடமளிக்கும் சங்கமொன்றை நிறுவினார். 1985 இல் உளவியலாளர் நால்வர் அமெரிக்கச் சங்கத்துக்கு எதிராக வழக்குத் தொடுத்தனர். 1988 இல் அது இணக்கத்தில் முடிந்தது. அவர்கள் துணைக்கொண்டது வணிக ஏகபோகத்துக்கு எதிரான சட்டத்தையே என்பது மனங்கொள்ளத்தக்கது. நோயாளரின் நலன் பற்றியதாகப் பேசப்பட்ட விவகாரம், நீதிமன்றத்தில் சந்தை பற்றிய விவகாரமாகத் தன் உண்மையுருவைக் காட்டிற்று. பின்னர் நியூயோர்க் மாநிலம் 2002 இல் இயற்றிய சட்டம், உளப்பகுப்பாய்வாளருக்கெனத் தனி அனுமதிப்பத்திரத்தை ஏற்படுத்தியது. முதுமாணிப் பட்டமும் மேற்பார்வையுடன் 1,500 மணிநேர அனுபவமும் அதற்கு வேண்டப்பட்டன. ஒருகாலத்தில் வேலிக்கு வெளியே நின்றவர்கள், உள்ளே வந்ததும் தமக்கெனப் புதிய வேலி ஒன்றைப் பெற்றனர்.

இதிலிருந்து அனுமதிப்பத்திரம் வெறும் ஏகபோகமே, அதனை நீக்கிவிடுக என முடிவுகட்டுவது தவறாகும். அது சந்தைவாதிகளின் வாதம். துன்புற்ற நிலையில் தன் அந்தரங்கத்தை வெளியிடும் ஒருவர், கேட்பவருக்கு முன் வலுவற்றவராகவே இருக்கின்றார். றைக்கின் வழக்கிலும் முறையிட்டவர் சிகிச்சை பெற்றவரே என்பதை மறத்தலாகாது. முறைப்பாடு சொல்வதற்கு ஓரிடம் வேண்டும். அவ்விடம் தொழிற்குழுவுக்கன்றிப் பொதுமக்களுக்குப் பொறுப்புடையதாதல் வேண்டும்.

பிராய்ட் விடைகாணாது விட்ட செலவு பற்றிய வினா ஆஸ்திரியாவிலேயே மீண்டும் எழுந்தது. 1991 இல் நடைமுறைக்கு வந்த உளச்சிகிச்சைச் சட்டம் இத்தொழிலை வைத்தியரின் பிடியிலிருந்து விடுவித்து, சமூகப் பணியாளர், ஆசிரியர் முதலியோருக்கும் வழி திறந்தது. ஆயின் பொதுப் பயிற்சிக்கு 1,315 மணிநேரமும் சிறப்புப் பயிற்சிக்குக் குறைந்தது 1,900 மணிநேரமும் விதிக்கப்பட்டன. இவற்றின் செலவு பெரிதும் பயில்வோர் தலையிலேயே விழுந்தது. சட்டம் திறந்த கதவைப் பணம் மீண்டும் ஒடுக்கியது. பட்டத்தால் விலக்கப்பட்ட வர்க்கத்தினர் கட்டணத்தால் விலக்கப்பட்டனர். 2024 இன் புதிய சட்டம் பயிற்சியைப் பல்கலைக்கழகக் கல்வியோடு பிணைத்துள்ளது. அரசு ஏற்கும் இடங்கள் எத்தனை, பயிற்சிக்கால உழைப்புக்கு ஊதியம் உண்டா என்பவற்றைப் பொறுத்தே அதன் சமூகப் பயன் அமையும்.

கேட்பவர்கள் ஒரே வர்க்கத்திலிருந்து வருவாராயின், பிற வர்க்கத்தினரின் துன்பம் அவர் செவியில் நோயாக மட்டுமே விழும். அதன் பின்னாலுள்ள வறுமையும் வேலையின்மையும் விழா. ஆதலின் உளச்சிகிச்சையாளருக்கு அனுமதி வேண்டுமா என்பதன்று இன்றைய வினா. அவ்வனுமதியைப் பெறும் வழி உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கின்றதா என்பதே வினா. றைக்கின் வழக்கு கைவிடப்பட்டது. அது எழுப்பிய வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.