1909: என் பூந்தொட்டிக்குப் பின்னால் இருந்த வருஷம்

இன்னிக்கு எபிசோட் ஒரு செத்துப்போன செடியில இருந்து ஆரம்பிக்குது.

வாடகை ஃபிளாட்டுக்குக் குடிவந்தப்போ அம்மா வாங்கிக் கொடுத்த ஆந்தூரியம் அது. ஜன்னல் ஓரத்தில் எட்டு மாசம் நல்லாத்தான் இருந்தது. அப்புறம் புதுசா வர்ற இலைகள் மட்டும் வெளிற ஆரம்பிச்சது. நரம்பு பச்சை, நரம்புக்கு நடுவுல மஞ்சள். சத்து பத்தலன்னு நினைச்சு உரக்கரைசலைக் கூட்டினேன். இன்னும் மஞ்சளாச்சு. இன்னும் ஊத்தினேன். லாக் பார்க்காமலே சர்வரை ரீஸ்டார்ட் பண்ணிட்டே இருக்கிற ஆள் மாதிரி.

கடைசியில் ஆன்லைன்ல பேனா மாதிரி ஒரு பிஹெச் மீட்டர் வாங்கி, எங்க போர் தண்ணியில் முக்கினேன். 8-ஐ ஒட்டி ஒரு எண் வந்தது. அந்த எண்ணை வெச்சுக்கிட்டு என்ன செய்யறதுன்னு தெரியல. அது எங்கிருந்து வந்ததுன்னு தேடப்போய் மாட்டினதுதான் இந்தக் கதை.

கதை தோட்டத்தில் தொடங்கல, பீர் ஆலையில் தொடங்குது. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆலையை நடத்தின ஜே. சி. யாகோப்சன் 1875-ல் ஓர் ஆய்வகம் ஆரம்பிச்சார். அங்கே வேதியியல் பிரிவுக்குத் தலைவராக இருந்த யோஹான் கெல்டால், தானியத்தில் எவ்வளவு நைட்ரஜன் இருக்குன்னு அளக்க 1883-ல் ஒரு முறையை வெளியிட்டார். தானியம், மண், உரம்னு எல்லாத்துலயும் நைட்ரஜனை அளக்க நூறு வருஷத்துக்கு மேல உலகம் பயன்படுத்தின முறை அது. உரப் பாக்கெட்ல 19:19:19-னு போட்டிருக்கே, அதுல முதல் எண் நைட்ரஜன்.

கெல்டாலுக்கு அடுத்து 1901-ல் அந்த நாற்காலிக்கு வந்தவர் எஸ். பி. எல். சோரன்சன். அவர் வேலை என்சைம்கள் மேல. கரைசலில் அமிலத்தன்மை கொஞ்சம் மாறினாலும் என்சைம் வேகம் மாறுது. ஆனா ஹைட்ரஜன் அயனிகளின் அளவை எழுதணும்னா 0.0000001-ன்னு பூஜ்யம் பூஜ்யமா எழுதணும். 1909-ல் வெளியிட்ட கட்டுரையில் அவர் செஞ்சது, அந்தப் பூஜ்யங்களைத் தூக்கிப் போட்டுட்டு அடுக்கை மட்டும் எழுதறது. 0.0000001-க்குப் பதிலா 7. அவ்வளவுதான் பிஹெச். நாம லாக் ஸ்கேல்ல கிராஃப் போடறோமே, அதே வேலை. அந்த 'பி'க்கு என்ன விரிவுன்னு இன்னிக்கு வரைக்கும் சண்டை நடக்குது, அதை விட்டுடுவோம்.

இதுல ஒரு பொறி இருக்கு. 6-க்கும் 8-க்கும் இடையே வித்தியாசம் 2 இல்ல, 100 மடங்கு. நான் மீட்டர்ல 8 பார்த்துட்டு 'பரவால்ல, 7-க்குப் பக்கம்தானே'ன்னு நினைச்சது இங்கதான் தப்பு.

அதே 1909. ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூஹே நகரம். ஃப்ரிட்ஸ் ஹேபர், போலந்துக்காரரான கிளெமென்சீவிச் ரெண்டு பேரும் ஒரு மெல்லிய கண்ணாடிக் குமிழை வெச்சு ஆராய்ச்சி செஞ்சாங்க. அமிலத்தன்மைக்கு ஏத்த மாதிரி அந்தக் கண்ணாடியில் மின்னழுத்தம் மாறுது. என் மீட்டர் பேனாவின் நுனியில் இருக்கிற குமிழ் அதோட வாரிசு. ஹேபர் அதே வருஷம் ஜூலையில், காத்துல இருக்கிற நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியா சொட்டுறதை பிஏஎஸ்எஃப் கம்பெனி ஆட்களுக்குச் செஞ்சு காட்டினார். இன்னிக்கு உரத் தொழிற்சாலைகள் ஓடறது அந்த வினையில்தான். உரத்தில் இருந்த நைட்ரஜனுக்கும், அதைச் சோதிக்கிற கருவியின் நுனிக்கும் ஒரே மனுஷன், ஒரே வருஷம். இதே ஹேபர்தான் 1915-ல் ஈப்ர போர்முனையில் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டதை மேற்பார்வை பார்த்தவர். அது தனி எபிசோடுக்கான கதை.

குமிழ் 1909-லயே இருந்தும் மீட்டர் வர 25 வருஷம் ஆச்சு. ஏன்னா கண்ணாடி மின்சாரத்தை ஏறக்குறைய விடவே விடாது. வர்ற சிக்னல் அவ்வளவு மெலிசு, அதை அளக்க நொறுங்கிப்போற மாதிரி நுட்பமான கருவிகள் தேவைப்பட்டது. அந்த முடிச்சை அவிழ்த்தது எலுமிச்சம்பழம். கலிஃபோர்னியாவில் பழச்சாறு வேலையில் இருந்த கிளென் ஜோசஃபுக்கு, சாறைக் கெடாமல் வைக்கச் சேர்க்கிற சல்ஃபர் டை ஆக்ஸைடு தலைவலி. லிட்மஸ் மாதிரி நிறம் மாறுற சாயத்தை அது வெளுத்துவிடும். கால்டெக்கில் இருந்த பழைய கல்லூரி நண்பர் ஆர்னால்ட் பெக்மனிடம் போனார். பெக்மன் 1934-ல் ரெண்டு வேக்குவம் ட்யூபை வெச்சு சிக்னலைப் பெருக்கி, எல்லாத்தையும் தூக்கிட்டுப் போற ஒரு பெட்டியில் அடைச்சார். விலை 195 டாலர். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் அது கொள்ளைக் காசு, ஆனாலும் வித்துது.

சரி, செடிக்கு வருவோம்.

அதே கலிஃபோர்னியாவில், பெர்க்லியில், மண்ணே இல்லாமல் சத்துக்கரைசலில் தக்காளி வளர்த்துக் காட்டி வில்லியம் கெரிக் பத்திரிகைகளில் பரபரப்பாகியிருந்தார். அது எவ்வளவு உண்மைன்னு பார்க்க, அதே பல்கலைக்கழகத்தின் ஹோக்லாந்தும் ஆர்னனும் இறங்கினாங்க. 1938-ல் அவங்க கொடுத்த கரைசல் செய்முறை இன்னிக்கும் ஆய்வகங்களில் ஓடுது. எனக்கு முக்கியமா பட்டது ஆர்னனும் ஜான்சனும் 1942-ல் வெளியிட்ட சோதனை. தக்காளி, லெட்டூஸ், ஒரு புல் வகை மூணையும் பிஹெச் 3-ல் இருந்து 9 வரைக்கும் வெவ்வேறு கரைசல்களில் வளர்த்தாங்க. 3-ல் படுத்துடுச்சு, 9-ல் திணறிச்சு. ஆனா நடுவுல, 4-ல் இருந்து 8 வரைக்கும், சத்துகள் வேருக்குக் கிடைக்கிற மாதிரி பார்த்துக்கிட்டா செடிகள் வளர்ந்தது.

அதாவது 8-ங்கிற எண் என் ஆந்தூரியத்தைக் கொல்லல. அந்த எண்ணில் இரும்பு கரைஞ்சு நிக்காது, அதான் பிரச்சினை. துரு மாதிரி படிஞ்சிடும். தொட்டியில் இரும்பு இருக்கும், வேருக்குக் கிடைக்காது. இரும்பைச் செடி பழைய இலையில் இருந்து எடுத்துப் புது இலைக்குக் கொடுக்க முடியாததால புது இலைதான் முதல்ல மஞ்சளாகும். பெர்க்லியிலேயே லூயிஸ் ஜேக்கப்சன் 1951-ல் இதுக்கு வழி சொன்னார்: இரும்பை இடிடிஏ-ங்கிற மூலக்கூறுக்குள் பிடிச்சுவெச்சுக் கொடுக்கறது. உரப் பாக்கெட்ல 'சீலேட்டட்'னு எழுதியிருக்கிறது இதைத்தான். அதுவும் பிஹெச் 6.5 தாண்டினா பிடியை விட ஆரம்பிக்கும்.

இன்னொண்ணும் சொல்லணும். எந்தச் சத்து எந்த பிஹெச்சில் கிடைக்கும்னு தடிச்சும் மெலிஞ்சும் போற பட்டைகளா ஒரு படம் இணையம் முழுக்க சுத்துது. அது 1940-களில் விஸ்கான்சினில் எமில் ட்ரூவோக் வயல் மண்ணுக்காகப் போட்ட பொதுவான படம். நம்ம தொட்டியில் இருக்கிறது தென்னை நார்க்கழிவு. மட்கின பொருளே பெரும்பங்கா இருக்கிற மண்ணுக்கு லூக்கஸும் டேவிஸும் 1961-ல் தனியாகப் போட்ட படத்தில் நல்ல இடம் ஏறக்குறைய ஒரு புள்ளி கீழே, 5.5 பக்கம் இறங்குது. நான் பார்த்துக்கிட்டிருந்தது மேப் தப்பான ஊருக்கு.

மீட்டர் சொல்லாத விஷயம் ஒண்ணு இருக்கு. தண்ணியில் எவ்வளவு பைகார்பனேட் இருக்குங்கிறது. பெக்மன் கதையைப் படிச்ச அன்னிக்கு ராத்திரி ரெண்டு டம்ளர்ல 200 மில்லி 200 மில்லி தண்ணி எடுத்தேன். ஒண்ணு ஆர்ஓ, ஒண்ணு போர். எலுமிச்சைச் சாறைச் சொட்டு சொட்டா விட்டேன். ஆர்ஓ தண்ணி ரெண்டாவது சொட்டிலேயே 6-க்குக் கீழே விழுந்தது. போர் தண்ணிக்கு இருபது சொட்டுக்குப் பக்கம் ஆச்சு. கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தா மறுபடி ஏறியிருந்தது. ரெண்டுக்கும் ஆரம்ப எண்ணில் பெரிய வித்தியாசம் இல்ல. ஆனா மாசக்கணக்கா ஊத்தின போர் தண்ணி, ஒவ்வொரு தடவையும் தொட்டிக்குள்ள பைகார்பனேட்டை விட்டுட்டுப் போயிருக்கு. அதுக்கு மேல நான் கூட்டிக் கூட்டி ஊத்தின உரத்தின் உப்பு வேற. மழைத் தண்ணியைப் பாதிக்குப் பாதி கலந்திருந்தாலே போதும்னு இப்போ தோணுது. பால்கனியில் வாளி வைக்க எனக்கு என்ன கஷ்டம்?

அம்மா போன்ல 'செடி எப்படிடா இருக்கு'ன்னு கேட்டாங்க. சொல்லிட்டேன். 'தண்ணி ஊத்தல தானே'ன்னாங்க. 'ஊத்தினதுதாம்மா பிரச்சினை'ன்னேன். நம்பல.

புது ஆந்தூரியம் இன்னும் வாங்கல. 4-க்கு ஒண்ணு, 7-க்கு ஒண்ணுன்னு பஃபர் பொடி ஆர்டர் போட்டிருக்கேன். இத்தனை நாள் அந்த மீட்டரை நான் ஒரு தடவைகூட கேலிப்ரேட் பண்ணல. குமிழையும் காயப்போட்டு வெச்சிருந்தேன், அதை ஈரமாத்தான் வைக்கணுமாம். அதனால முதல்ல சொன்னேனே 8-ஐ ஒட்டின எண், அது 8 தானான்னு அடுத்த எபிசோட்லதான் சொல்ல முடியும்.