உங்களைப் பராமரிக்கும் செவிலிய மாணவர்

போதனை மருத்துவமனையில் உங்களுக்கு இரத்த அழுத்தம் பார்ப்பவர் செவிலிய மாணவராக இருக்கலாம். இந்தியாவில் பி.எஸ்சி. நர்சிங் பட்டப்படிப்பின் காலம் 4 ஆண்டுகள். விளக்கேற்றும் விழாவில் மாணவர்கள் நைட்டிங்கேல் உறுதிமொழி ஏற்பர். 1893-இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட அம்மொழி, நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்கக் கூறுகிறது.

ஆயினும், உறுதிமொழி பண்பாக மாறுவது படுக்கையருகேதான். திரையிட்டு மறைப்பது, பெயரைச் சரிபார்த்த பின்னரே மருந்து தருவது, தவறு நேர்ந்தால் மறைக்காமல் தெரிவிப்பது ஆகியவற்றை மூத்த செவிலியரைப் பார்த்தே கற்கின்றனர்.

நீங்கள் செய்யக்கூடியவை:

• அவர் மாணவரா என வினவலாம்.
• ஊசி போடும்போது மூத்த செவிலியர் உடனிருக்கக் கோரலாம்.
• விருப்பமில்லையெனில் மறுக்கலாம். அதனால் உங்கள் சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது.
• வலித்தால் தயங்காமல் கூறுங்கள். அதுவும் அவருக்குப் பாடமே.