அறுந்த இடம் எது? தந்திக் கம்பி முதல் பெரம்பலூர், அரியலூர் இணையம் வரை

மேசைக்கணினியில் இணைய இணைப்பு திடீரென்று நின்றுவிட்டால், பழுது எந்த இடத்தில் என்று அறிவதே முதல் வேலை. கணினியா, மோடமா, தெருக்கம்பியா, அதற்கும் அப்பாலா? இக்கேள்வி இணையத்தைவிட மிகப் பழையது.

தந்தித் துறையினர் 19ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு விடை கண்டனர். இந்தியாவின் முதல் தந்திப் பாதை 1850இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் துறைமுகத்துக்கும் இடையே அமைந்தது. சில ஆண்டுகளில் சென்னையும் இணைந்தது. கம்பி அறுந்தால் மின்னோட்டம் நின்றுவிடும்; கம்பி மண்ணைத் தொட்டால் மின்னோட்டம் வழக்கத்தைவிடக் கூடும். கம்பியின் மின்தடை அதன் நீளத்துக்கேற்பக் கூடுவதால், அலுவலகத்தில் அமர்ந்தபடியே தடையை அளந்து, கம்பி மண்ணைத் தொட்ட இடம் எத்தனை மைல் தொலைவில் உள்ளது என்று கணக்கிட்டனர். பிறகே ஆள் புறப்பட்டார். வழியெல்லாம் கம்பத்தைப் பார்த்துக்கொண்டே நடக்கும் வேலை இதனால் பெரிதும் குறைந்தது.

கணினி வலையமைப்புக்கு அத்தகைய கருவி 1983 டிசம்பரில் கிடைத்தது. அமெரிக்க இராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் பணியாற்றிய மைக் மூஸ், வலையமைப்பில் நேர்ந்த ஒரு கோளாறைத் தேடும்போது 'பிங்' என்னும் சிறு நிரலை ஒரே இரவில் எழுதினார். ஒலியை அனுப்பி எதிரொலி வருகிறதா என்று கேட்கும் நீர்மூழ்கிக் கப்பல் முறையை ஒட்டி அப்பெயர் அமைந்தது. ஒரு முகவரிக்குச் சிறு பொட்டலத்தை அனுப்பும். மறுமொழி வந்தால் அதுவரை பாதை நலம். அவ்வளவுதான். இன்றும் விண்டோஸ் கணினியின் கட்டளைச் சாளரத்தில் அது இருக்கிறது.

பெரம்பலூர், அரியலூர் பகுதிகள் 1995 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தன. பெரம்பலூர் தனி மாவட்டமான அதே ஆண்டு, ஆகஸ்ட் 15 அன்று, சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் பொதுமக்களுக்கான இணையச் சேவை தொடங்கியது. அரியலூர் 2001இல் பிரிந்து, 2002இல் மீண்டும் சேர்ந்து, 2007இல் நிலையான தனி மாவட்டமாயிற்று. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். நிறுவனம் தொலைபேசியின் செப்புக் கம்பி வழியே அகலப்பட்டைச் சேவையைத் தொடங்கியது. அது படிப்படியாகச் சிற்றூர்களையும் எட்டியது. 2018 முதல் தமிழகப் பொறியியல் கலந்தாய்வும் இணையவழியில் நடக்கிறது. கல்லூரி விருப்பப் பட்டியலைக் குறித்த நாளுக்குள் பதிவுசெய்ய வேண்டிய மாணவருக்கு, கடைசி மணி நேரத்தில் இணைப்பு அறுவது வெறும் எரிச்சல் அன்று.

அவர் அருகிலிருந்து தொலைவுக்குச் செல்ல வேண்டும். முதலில் கணினியின் பின்புறம் லேன் கம்பி செருகிய துளையில் விளக்கு எரிகிறதா என்று பார்க்கலாம். செருகியின் பிளாஸ்டிக் கொக்கி உடைந்திருந்தால் கம்பி மெல்ல நழுவிவிடும். பலமுறை குற்றவாளி இதுவே. மின்தடையின்போது கணினி யு.பி.எஸ்.ஸில் ஓடும், மோடம் மட்டும் அணைந்திருக்கும். அடுத்து 'ஐபிகான்ஃபிக்' கட்டளை தரும் முகவரி 169.254 என்று தொடங்கினால், மோடத்திடமிருந்து முகவரி கிடைக்காமல் கணினி தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். 127.0.0.1க்குப் பிங் அனுப்பினால் கணினி தன்னையே சோதிக்கும். பிறகு மோடம், பல வீடுகளில் அது 192.168.1.1. அதன்பின் 8.8.8.8 என்னும் கூகுள் முகவரி. இந்த எண் மறுமொழி தந்தும் இணையதளத்தின் பெயர் மட்டும் திறக்காவிட்டால், கம்பியில் பழுதில்லை; பெயரை எண்ணாக மாற்றும் டி.என்.எஸ். சேவையில்தான் தடை. அச்சேவையும் 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்ததே.

மோடம் வரை எல்லாம் சரியாக இருந்தும் இணையம் கிடைக்காத நாளும் உண்டு. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே இரு கடலடிக் கம்பிவடங்கள் அறுந்தன. அவற்றுள் ஒன்றான சீ-மீ-வீ 4 சென்னையில் கரையேறுவது. இந்தியாவின் வெளிநாட்டு இணையத் திறனில் ஏறத்தாழ பாதி அன்று போயிற்று. வீட்டில் மோடத்தை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் அதற்குத் தீர்வில்லை.

இன்று செப்புக் கம்பியின் இடத்தை ஒளியிழை பிடித்துவருகிறது. தமிழகத்தின் 12,525 கிராம ஊராட்சிகளையும் ஒளியிழையால் இணைக்கும் பணிக்காக 2018இல் டான்ஃபினெட் நிறுவனம் உருவாக்கப்பட்டது. ஒளியிழை மோடத்தில் 'எல்.ஓ.எஸ்.' விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்துசேரவில்லை என்று பொருள்; இழை வளைந்திருக்கலாம், வெளியே அறுந்திருக்கலாம். புகார் எண்ணில் பேசும்போது "நெட் வரவில்லை" என்பதைவிட "எல்.ஓ.எஸ். சிவப்பாக இருக்கிறது" என்று சொன்னால், பணியாளர் தக்க கருவியுடன் நேரே வெளிக்கம்பியைப் பார்க்க வருவார்.