பலகையில் இல்லாத பரம்பரை

'பரம்பரைக் கடை' என்று நாம சாதாரணமா சொல்லிடறோம். அந்தச் சொல்லைக் கொஞ்சம் கட்டுடைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கல்கத்தாவின் பென்டிங்க் தெருவில் ஹக்கா சீனக் குடும்பங்கள் தலைமுறைகளாக ஷூ கடை நடத்திவந்தன. சாதி இந்துவுக்குத் தோல் தீட்டு. அந்தத் தீட்டு ஒதுக்கிவைத்த வெளியில்தான், புலம்பெயர்ந்து வந்த ஹக்காக்கள் காலூன்றினார்கள். டாங்ராவில் தோல் பதனிடும் கூடங்கள். பென்டிங்க் தெருவில் கடைகள். கூடங்களில் கூலிக்கு உழைத்தவர்களில் பலர் பீகாரிலிருந்து வந்த சமார் சாதியினர். ஒரே தோல்தான். முதலாளிக்கு அது குடும்பச் சொத்து, கூலிக்காரனுக்கோ பிறவி இழிவு. கடைப் பலகை முதலாவதை மட்டுமே பேசுகிறது.

அந்தப் பலகையாவது நிலைத்ததா என்றால், அதுவும் இல்லை. 1962 போரையொட்டி, இந்தியாவிலேயே பிறந்த சீனர்களையும் அரசு ராஜஸ்தானின் தியோலி முகாமில் அடைத்தது. எத்தனை தலைமுறை கடை வைத்திருந்தாலும் தேசத்தின் கணக்கில் அவர்கள் அந்நியர்கள். 1996இல் உச்ச நீதிமன்றம், மாசைக் காரணம் காட்டி, டாங்ரா கூடங்களை நகரத்தைவிட்டு வெளியேறச் சொன்னது.

சாதி ஒதுக்கியது, தேசம் சந்தேகித்தது, நகரம் வெளியேற்றியது. அப்போ, கடையின் வரலாற்றை எழுத உட்காரும் நான் யாருடைய பரம்பரையிலிருந்து தொடங்குவது?