கன்னி மடத்துக்குள் ஒரு கேமரா

நம்மூரில் 'லிட்டில் ஃப்ளவர்' என்ற பெயரில் எத்தனையோ பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. அந்தச் 'சிறுமலர்' யார் என்று கேட்டால், சிலுவையும் ரோஜாப்பூக்களும் ஏந்திய ஒரு பெண்ணின் படத்தைக் காட்டுவார்கள். வழவழப்பான, சோகமே தெரியாத முகம். அவர் உண்மையிலேயே அப்படித்தான் இருந்தாரா? பதில் சொல்ல நம்மிடம் புகைப்படங்கள் இருக்கின்றன!

தெரேஸ் மார்த்தேன் 1873-ல் பிரான்சில் பிறந்தவர். 1888-ல், 15 வயதில், லிசியே நகரத்துக் கார்மேல் மடத்தில் கன்னியாஸ்திரியாகச் சேர்ந்தார். உள்ளே போனவர்கள் வெளியே வராத அடைப்பு மடம் அது. பார்க்க வரும் உறவினர்களோடு கூடக் கம்பித் தடுப்புக்குப் பின்னால் இருந்துதான் பேச வேண்டும். அங்கே கேமரா எப்படி நுழைந்தது?

கொண்டு வந்தவர் அக்கா செலின். அப்பா இறந்தபின், 1894 செப்டம்பரில் அவரும் அதே மடத்தில் சேர்ந்தார், கேமராவோடு! அப்போது மடத்தின் தலைவி யார் தெரியுமா? இவர்களின் இன்னொரு அக்கா போலின். பிறகென்ன, அனுமதி கிடைத்துவிட்டது.

1895 ஜனவரியில் தெரேஸ் தானே எழுதிய நாடகத்தில் ஜோன் ஆஃப் ஆர்க்காக நடித்தார். அந்த வேடத்தில் எடுத்த படம் ஒன்றை, கத்தோலிக்கத்துக்கு மாறியதாகச் சொல்லப்பட்ட டயானா வாகன் என்ற பெண்ணுக்கு மடத்திலிருந்து அனுப்பினார்கள். ஆனால் அப்படி ஒரு பெண்ணே கிடையாது. லியோ தக்சில் என்பவரின் கட்டுக்கதை அது. 1897 ஏப்ரல் 19 அன்று பாரிஸில் கூட்டம் போட்டு, எல்லாரையும் ஏமாற்றியதாக அவரே அறிவித்தார். அந்த அரங்கில் திரையில் காட்டப்பட்டது தெரேஸின் படம்! நான்கு சுவர்களுக்குள் வாழ்ந்தவரின் முகம், அவருக்குத் தெரியாமலே கேலிக்கூத்தின் நடுவே போய் நின்றது.

அப்போது அவர் காசநோயால் மெலிந்துகொண்டிருந்தார். ஜூன் 7 அன்று செலின் அவரை மூன்று படங்கள் எடுத்தார். கையில் குழந்தை இயேசு படமும், இயேசுவின் திருமுகப் படமும். கண்ணாடித் தகட்டில் படம் விழ, பல விநாடிகள் அசையாமல் இருக்க வேண்டிய காலம். அந்த முகத்தில் களைப்பும் இருக்கிறது, உறுதியும் இருக்கிறது. செப்டம்பர் 30 அன்று, 24 வயதில், தெரேஸ் இறந்துபோனார்.

அவருடைய தன்வரலாறு 1898-ல் வெளிவந்து உலகமெங்கும் பரவியது. ஆனால் கூடவே பரவியது இந்த முகம் அல்ல. செலின் வரைந்த ஓவியங்களும், திருத்தி மெருகேற்றிய படங்களும்தான். செலின் தரப்பிலும் நியாயம் இருந்தது. நீண்ட நேரம் அசையாமல் இருந்தால் யாருடைய முகமும் இறுகிவிடும், தங்கையின் உயிர்ப்பு அதில் வராது என்று அவர் நினைத்தார். கூடவே வளர்ந்தவர் சொல்வதை ஒரேயடியாக ஒதுக்க முடியுமா?

1925-ல் தெரேஸுக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. செலின் 1959-ல் காலமானார். திருத்தப்படாத படங்கள் 1961-ல்தான் புத்தகமாக வெளிவந்தன.

என்னைக் கேட்டால், அக்காவின் ஓவியத்தில் பாசம் தெரிகிறது. அக்காவின் கேமராவில் தெரேஸ் தெரிகிறார். வலியைத் துடைத்துவிட்ட முகத்தைப் பார்த்துக் கும்பிடலாம். ஆனால் அவர் எதைத் தாங்கினார் என்பதை அந்த ஜூன் மாதப் படம்தான் சொல்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் நண்பர்களே, உங்களுக்கே புரியும்.