விளையாட்டுச் சுட்டி

விளையாட்டுச் சுட்டி என்பது கணினி விளையாட்டுகளை ஆடுவதற்கென வடிவமைக்கப்பட்ட சுட்டி ஆகும். பேச்சு வழக்கில் இது கேமிங் மவுஸ் எனப்படுகிறது. அலுவலகச் சுட்டியைவிட விரைவாகக் கையசைவைக் கணினிக்கு அறிவிப்பதும், நீண்ட நேர ஆட்டத்துக்குத் தாங்குவதும் இதன் சிறப்பியல்புகளாகும். கைபேசியில் மட்டுமே ஆடுபவருக்கு இது தேவைப்படாது.

வரலாறு

முதல் சுட்டியை 1964 இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் டக்ளசு எங்கெல்பர்ட் வடிவமைக்க, பில் இங்கிலீசு உருவாக்கினார். அது இரு சக்கரங்கள் பொருத்திய மரப்பெட்டி ஆகும். பின்னர் வந்த உருண்டைச் சுட்டிகளில் அழுக்குப் படிந்து அசைவு தடைப்படுவது வழக்கம். விளையாட்டுக்கென விற்கப்பட்ட முன்னோடிகளுள் ஒன்றான ரேசர் பூம்சிலாங் 1999 இல் வெளிவந்தது. அதுவும் உருண்டை கொண்டதே. அதே ஆண்டில் மைக்ரோசாப்ட்டின் இன்டெலிமவுஸ் எக்ஸ்புளோரர் ஒளியுணரியைப் பரவலாக்கியது.

ஒளியுணரி என்பது ஒரு சிறு ஒளிப்படக் கருவியே. அது மேசைப் பரப்பை நொடிக்குப் பல்லாயிரம் முறை படமெடுத்து, அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு அசைவைக் கணக்கிடுகிறது. கண்ணாடி மேசையில் ஒப்பிடுவதற்கு ஏதும் புலப்படாததால் பெரும்பாலான சுட்டிகள் அங்கே தடுமாறும்.

தமிழ்நாட்டுச் சூழல்

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. விழுப்புரம் மாவட்டத்தின் காணை போன்ற ஊராட்சி ஒன்றியங்களில் பல வீடுகளுக்கு முதல் கணினி இத்திட்டத்தின் வழியாகவே வந்தது. மடிக்கணினியின் தொடுபலகையைக் கொண்டு கட்டுரை எழுதலாம். ஆனால் கவுண்டர் ஸ்டிரைக் போன்ற சுடும் விளையாட்டில் ஒரு விரலால் குறிபார்த்துக்கொண்டே சுடுவது இயலாது. எனவே பழைய மடிக்கணினியில் ஆடத் தொடங்குபவர் முதலில் வாங்கவேண்டிய பொருள் சுட்டிதான். 2022 டிசம்பரில் இந்திய அரசு மின்விளையாட்டைப் பல்விளையாட்டுப் போட்டிகளின் ஒரு பிரிவாக அறிந்தேற்றது.

டிபிஐ எண்

பெட்டியின் மேல் மிகப்பெரிதாக அச்சிடப்படுவது டிபிஐ எண். சுட்டி ஓர் அங்குலம் நகரும்போது கணினிக்கு எத்தனை எண்ணிக்கைகளை அனுப்புகிறது என்பதே இதன் பொருள். 1920 படப்புள்ளி அகலமுள்ள திரையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் செல்ல, 800 டிபிஐ அளவில் ஏறத்தாழ 6 செ.மீ. நகர்த்தவேண்டும். 16,000 டிபிஐ அளவில் 3 மி.மீ. போதும், அந்நிலையில் குறிபார்க்க எவராலும் முடியாது. ஆகவே பெரிய எண்ணுக்காகக் கூடுதல் பணம் தருவது வீண். தேர்ந்த ஆட்டக்காரர்கள் பலர் 400 முதல் 1600 வரையே பயன்படுத்துகின்றனர். கவுண்டர் ஸ்டிரைக்கில் 800 டிபிஐயும் உணர்திறன் 1 உம் வைத்தால், ஒரு முழுச் சுற்று திரும்பச் சுட்டி ஏறத்தாழ 52 செ.மீ. நகரவேண்டும். புத்தகங்களுக்கு இடையே ஒரு சாண் இடத்தில் ஆடுபவருக்கு இது ஒத்துவராது. அவர் சுட்டியை மாற்றுமுன் மேசையை ஒழுங்குபடுத்துவதே நலம்.

விண்டோசில் சுட்டியின் வேகத்துக்கேற்பத் தொலைவை மாற்றும் முடுக்க வசதி இயல்பாகவே இயக்கப்பட்டிருக்கும். அதை நிறுத்தினால் ஒரே கையசைவு எப்போதும் ஒரே தொலைவைத் தரும். இதற்குச் செலவேதும் இல்லை.

அறிவிப்பு வேகம்

சாதாரணச் சுட்டி நொடிக்கு 125 முறை, அதாவது 8 மில்லிநொடிக்கு ஒருமுறை, தன் நிலையை அறிவிக்கிறது. விளையாட்டுச் சுட்டிகளில் இது பெரும்பாலும் 1000 முறை ஆகும். 8000 முறை அறிவிப்பவையும் உள்ளன. ஆனால் 60 எர்ட்சு திரை ஒவ்வொரு படத்தையும் ஏறத்தாழ 16.7 மில்லிநொடிக்கு ஒருமுறையே காட்டுவதால், பழைய மடிக்கணினியில் அதன் பயன் தெரியாது. கம்பியில்லாச் சுட்டி வேண்டுவோர் புளூடூத்தை நாடாமல், தனி ஏற்பி கொண்ட 2.4 கிகா எர்ட்சு வகையைக் கொள்ளவேண்டும். தொடக்கநிலையினருக்குக் கம்பியுள்ளதே மலிவு. மின்கலச் சுமையும் இல்லை.

வடிவமும் எடையும்

உள்ளங்கை முழுவதும் படியப் பிடிப்பது, விரல்களை நகம்போல் வளைத்துப் பிடிப்பது, விரல்நுனியால் மட்டும் பிடிப்பது எனப் பிடிகள் மூவகைப்படும். முதல் வகைக்கு முதுகு உயர்ந்த பெரிய சுட்டியும், ஏனையவற்றுக்குச் சிறியதும் பொருந்தும். பொருந்தாத சுட்டியில் நாள்தோறும் பல மணிநேரம் ஆடுவது மணிக்கட்டு வலிக்கு இடமளிக்கும். இடக்கையாளர் இருபுறமும் ஒத்த வடிவுள்ளதைத் தேடவேண்டும். 60 கிராமுக்குக் குறைந்தவற்றுள் பல விலை மிக்கவை. பரவலாக அறியப்பட்ட லாசிடெக் ஜி102 சுட்டி 85 கிராம் எடையும் 8000 டிபிஐ வரம்பும் ஆறு பொத்தான்களும் கொண்டது. தொடக்கநிலையினருக்கு இவ்வளவே மிகுதி. பளபளக்கும் வண்ண விளக்குகளால் ஆட்டத்தில் மாற்றம் ஏதுமில்லை.

வாங்குதல்

கையில் பிடித்துப் பார்த்து வாங்குவதே சிறந்தது. விழுப்புரத்திலிருந்து ஏறத்தாழ 160 கி.மீ. தொலைவிலுள்ள சென்னை ரிச்சி தெரு மின்னணுப் பொருட்களுக்குப் பெயர்பெற்றது. இறக்குமதிப் பொருளின் பொதியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை, உற்பத்தி நாடு ஆகியன அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்பது இந்தியச் சட்டம். இவை இல்லாத பெட்டி போலியாக இருக்கலாம்.

ஒருமுறை அழுத்தினால் இருமுறை பதிவாவது சுட்டிகளில் அடிக்கடி நேரும் பழுது. பொத்தானின் கீழுள்ள உலோகத் தகடு தேய்வதால் இது நிகழ்கிறது. உத்தரவாதக் காலமும் விலைச்சீட்டும் இங்கேதான் உதவும். விற்பவர் மாற்றித்தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, இணையத்தில் வாங்கிய பொருளுக்கும் வாங்கியவர் தாம் வாழும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே முறையிடலாம். 5 இலட்சம் உரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை.