உயர்திறன் வாகனத் தடை (ஆஸ்திரேலியா)

'பி' எழுத்துப் பலகை மாட்டி ஓட்டும் தற்காலிக உரிமக்காரர்கள் அதிவேகக் கார்களை ஓட்டுவதற்கு ஆஸ்திரேலியாவின் சில மாநிலங்கள் விதித்துள்ள தடை.

முன்பு வி8, டர்போ என எஞ்சின் வகையைப் பார்த்தே தடுத்தனர். சிறிய எஞ்சின் கொண்ட சாதாரண டர்போ கார்கள் பெருகியதும் அந்த அளவுகோல் பொருந்தாமல் போனது. 2014 முதல் நியூ சவுத் வேல்ஸும் விக்டோரியாவும் எடைக்கேற்ற ஆற்றலைக் கணக்கிடுகின்றன. டன்னுக்கு 130 கிலோவாட்டைத் தாண்டினால் தடை. 1,500 கிலோ எடையுள்ள காருக்கு 195 கிலோவாட்டே உச்சவரம்பு.

வேகத்துக்காக எஞ்சினை மாற்றியமைத்த வண்டிகளுக்கும் தடை உண்டு. தக்க காரணம் காட்டினால் விலக்குப் பெறலாம். அனுபவம் முதிரும் வரை இளம் உயிர்களைக் காக்கும் அவசியமான வேலி இது.